பசை காய்வதற்குள்

"அழுத்திப் பிடி, விட்டுடாதே" என்றார் அப்பா. பெட்டியின் பக்கப் பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள் மகள். கை முழுக்கப் பசை. வந்த கோபத்துக்கு அந்தப் பலகையைத் தூக்கி அடித்திருப்பாள்.

இருக்காதா பின்னே? உள்ளே அம்மா படுத்திருக்கிறாள். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலையிலிருந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவரை வந்து கொஞ்சம் உக்காரச் சொல்லேன்." அப்பாவுக்கோ அந்த அறையில் இருப்புக் கொள்ளவில்லை. வருவார், போர்வையை இழுத்துவிடுவார், ஜன்னலைத் திறப்பார், மூடுவார், "தோ வந்துடறேன்" என்று பின்பக்கக் கொட்டகைக்கு ஓடிவிடுவார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றும் ஓர் இடத்தில் நிற்கத் தெரியவில்லை.

சாக்கு, கம்பளி, போர்வை வைக்கும் இந்த மரப்பெட்டி. அம்மா எத்தனையோ வருஷமாகக் கேட்டது. செய்தால் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்கிற அந்தக் கால இங்கிலாந்துத் தச்சுப் பாணியில்தான் என்று பழைய மாதிரிப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். ஆணி கிடையாது, பூவேலை கிடையாது. ஒரு பலகையின் முனை இன்னொன்றைத் துளைத்து வெளியே தலைகாட்டும். அதை ஓர் ஆப்பு இறுக்கும். "எப்படிச் சேர்ந்திருக்குன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும். இதுல மறைக்க ஒண்ணுமில்ல" என்பார்.

ஒட்டுவதற்கு இரண்டு கை போதவில்லை என்று அவளைக் கூப்பிட்டார். சித்தியை அம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, பேரம் பேசித்தான் வந்தாள்: இது முடிந்ததும் அப்பா அம்மாவிடம் உட்கார வேண்டும். எழுந்திருக்கக் கூடாது.

பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கடைசிக் கிளாம்பை அப்பா முறுக்கினார். "அரை மணியில இறுகிடும். அப்புறம் கடப்பாறை போட்டாலும் பிரியாது."

அப்போதுதான் அவள் பார்த்தாள். அடிப்பலகை சுவரில் சாய்ந்திருந்தது. நாலு பக்கமும் ஒட்டுவதற்கு முன்னால் உள்பக்கக் காடிப் பள்ளத்தில் செருகியிருக்க வேண்டிய பலகை. சொன்னால் எல்லாவற்றையும் தட்டிப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குள் அம்மா?

"அம்மாடி, ஆச்சு!" என்றார். முகமெல்லாம் பல்.

"ஆச்சுல்ல? வாங்க" என்றாள்.

அவர் சும்மா வந்தாரா? பெட்டியை மேலிருந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஃபோனை அம்மாவிடம் நீட்டினார்.

"கண்ணாடி" என்றாள் அம்மா. மகள் மாட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதிலும் ஒரு குறையாவது சொல்லாமல் விட்டவளில்லை அம்மா. நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க... அடிப்பலகை எங்கே?"

அப்பா ஃபோனை வாங்கினார். பெட்டிக்குள் கொட்டகைத் தரையும் மரச்சீவலும் தெரிந்தன. "அடக் கடவுளே!" என்று எழுந்தேவிட்டார்.

"அப்பா!" என்றாள் மகள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமாயிற்று. "போங்க. காயறதுக்குள்ள... பிரிச்சு... ஓடுங்க."

அவர் வாசற்படி வரை போனார். பசை இறுக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இப்போதே தட்டினால் பிரிந்துவிடும். கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு, முதுகு சாய உட்கார்ந்தார். பசை அப்பிய கையாலேயே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காயட்டும்" என்றார்.

மூன்றரை மணிக்கு அம்மா போனாள். சற்றுப் பொறுத்து சித்தி அவர் தோளைத் தொட்டு, "எழுந்திருங்க அத்தான்" என்றாள்.

அவர் அம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். எழுந்திருக்கவில்லை.