பாடை போகும் வழி

எம்.எல்.ஏ. கோவிந்தப்பாவுக்கு மேடையேறினால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. பதினாலு வருஷத்தில் சட்டசபையில் அவர் பேசியது ஒரே வாக்கியம். அதுவும் தலைக்கு மேலே ஃபேன் சத்தம் போடுகிறது என்பதுதான். அப்படியும் மூன்று தேர்தல், மூன்று கட்சி, மூன்று சின்னம் என்று ஜெயித்துக்கொண்டே வந்தார் என்றால், எல்லாம் அவருடைய வலது தோள் போட்ட பிச்சை. தொகுதியில் யார் செத்தாலும் பாடைக்கு முதல் தோள் அவருடையது.

ஸ்ரீராம்புரத்தில் கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்துவிடுவார்கள். சாவுக்கு வராதவனை மறக்கவே மாட்டார்கள். அவருடைய பி.ஏ. அலெக்சாண்டர் கார் டிக்கியில் எப்போதும் நாலு மாலையும் ஒரு மாற்று வேட்டியும் வைத்திருப்பான். ரோடு, குழாய் என்று யாராவது வாயைத் திறந்தால், "உங்க அப்பாவுக்கு யாருப்பா தோள் குடுத்தது?" என்று கேட்பார் கோவிந்தப்பா. வந்தவன் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவான்.

இந்தத் தடவைதான் அவருக்குப் பயம் வந்தது. போன தேர்தலில் ஜெயித்ததே அறுபத்தோரு ஓட்டில். இப்போது எதிர்த்து நிற்கும் உமேஷ் ஜிம்முக்குப் போகிறவன். அவனும் பாடை தூக்க ஆரம்பித்துவிட்டான். ஒரு சாவில் முன்பக்கம் இரண்டு பேரும் மாறி மாறி இழுத்த இழுப்பில், செத்தவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத்தான் சுடுகாட்டுக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில் அம்புஜம் படுத்தாள். மாநகராட்சியில் ரோடு கூட்டி ஓய்வு பெற்றவள், துப்புரவுத் தொழிலாளர் சங்கத் தலைவி. அவள் கை காட்டினால் ஒன்பது சந்து ஓட்டும் ஒரே பக்கம் விழும். வயிற்று நோவு, ஒரு வாரம் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இறந்தால்தான் கோவிந்தப்பாவுக்குப் பொன்.

ஓடினார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல் தோள் என்னோடதுதான் அம்புஜம்மா."

"உமேஷும் காலைல வந்து அதையேதான் சொன்னான்" என்றாள் அவள். "யாரு தூக்கினா என்னா சார்? வாசல்ல மோரி பாத்தீங்களா? மேல மூடி இல்ல. முன்னால புடிக்கிறவரு கால உள்ள வுட்டாருன்னா நான் குப்புற வுழுவேன்."

முன்னால் பிடிக்கப்போகிறவர் தாம்தான் என்பது கோவிந்தப்பாவுக்கு உறைத்தது. மறுநாளே சாக்கடைக்குக் கல் மூடி வந்தது.

ஒரு வாரம் போனது. அம்புஜம் போகவில்லை.

"ஒயரு எவ்ளோ தாழ தொங்குது பாருங்க. செத்த பொறவும் ஷாக் அடிக்கணுமா?"

கம்பம் மாற்றினார்கள்.

"என்னைக் குளிப்பாட்ட தண்ணி? குழா மூணு நாளைக்கு ஒருக்கா வருது, அதுவும் மோரி நாத்தத்தோட. தண்ணி வராத நாள்ல செத்தா?"

புதுக் குழாய் போட்டார்கள். உமேஷ் பாவம், அவன் கையில் தொகுதி நிதியா இருக்கிறது? தினமும் ஆப்பிள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

கடைசியாக அவள் கேட்டதுதான் கோவிந்தப்பாவின் நெஞ்சில் இடியாக இறங்கியது.

"சந்து முனைல பாடை திரும்பாது சார். வழிய மறிச்சி உங்க ஆபீஸ் நிக்குது."

மூன்று கட்சிக்கும் வண்ணம் மாற்றி மாற்றி அவர் உட்கார்ந்திருந்த ஆபீஸ் அது. இடிக்கும்போது பக்கத்திலேயே நின்றார். "நல்ல சாவு கெடைச்சா போதும்டா அலெக்சு" என்றார்.

தேர்தல் தேதி அறிவித்த அன்று போனால் கட்டில் காலி. ஆசையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். அம்புஜம் அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஆயிட்டேன் சார். எல்லாம் அந்த அழுக்குத் தண்ணியால வந்த நோவாம். புதுக் குழா வந்ததும் போச்சு. சாப்புட்டுப் போங்க."

கோவிந்தப்பா அங்கேயே அழுதுவிட்டார். அவள் பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று சந்தே நினைத்தது. அதைவிட மோசம், அந்தத் தேர்தல் முடிகிறவரை ஒன்பது சந்திலும் ஒரு சாவு விழவில்லை. டிக்கியில் மாலைகள் வாடின. தோற்றேன் என்றே முடிவு கட்டி, ஓட்டு எண்ணும் அன்று டி.வி.யைத் துணி போட்டு மூடிவிட்டார்.

ஜெயித்தார். நாலாயிரத்து இருநூறு ஓட்டு வித்தியாசம். யாருமே சாகாமல் எப்படி ஜெயித்தோம் என்று அவருக்கும் புரியவில்லை, அலெக்சாண்டருக்கும் புரியவில்லை. இனி ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று காலை நீட்டிப் படுத்தார்.

நாலாம் நாள் காலையில் அம்புஜம் நடந்தே வந்து நின்றாள்.

"பக்கத்து சந்துங்கள்ல எட்டு பேர் படுத்துட்டாங்க சார். சந்துக்கு ஒருத்தர்."

கோவிந்தப்பா எழுந்து உட்கார்ந்தார். "நெஜமாவே சாகப்போறாங்களா?"

"இதுல பொய் என்னா சார்? எல்லாரும் சாகத்தானே போறோம். தேதிதான் தெரியல."

அலெக்சாண்டர் மாலை வாங்கக் கிளம்பினான்.

"மாலை இருக்கட்டும்டா" என்றார் கோவிந்தப்பா, வலது தோளைத் தடவிக்கொண்டே. "இன்ஜினியரக் கூப்புடு."