பேசாமல் இருக்கும் உரிமை

லண்டன் எட்மண்டனில் ஆறு ஆண்கள் குடியிருந்த அந்த வீட்டில் அமெரிக்கப் பொலிஸ் தொடர் ஆரம்பித்துவிட்டால், அடுப்பில் சோறு அடிப்பிடித்தாலும் ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள். மற்றவர்கள் கார்கள் முட்டி மோதுவதைப் பார்த்தார்கள். கனகலிங்கம் வேறொன்றுக்காகக் காத்திருந்தான். எந்த வாரத்துக் கதையானாலும், கள்ளனுக்கு விலங்கு மாட்டியதும் பொலிஸ்காரன் ஒன்று சொல்வான்: நீ பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உனக்கு எதிராக வரும், வக்கீல் இல்லையென்றால் நாங்களே பிடித்துத் தருவோம்.

யாழ்ப்பாணத்து இராணுவ முகாமில் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அடி விழுந்தது. சொல்லாததற்கும் விழுந்தது. வாயை மூடிக்கொண்டிரு என்று பொலிஸே சொல்லும் நாடு ஒன்று இருக்கிறதாம்! அது அமெரிக்கா, இது இங்கிலாந்து என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. வெள்ளைக்காரன் சட்டமெல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டான், பாவி மனிதன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு மாசியில் அவனுடைய அகதி விண்ணப்பம் விசாரணைக்கு வந்தது. அதில் தேறினால்தான், கொழும்பில் ஒரு லொட்ஜில் கைக்குழந்தையோடு ஒளித்திருக்கும் மனைவி கலாவதியை இங்கே கூப்பிடலாம். தவறினால் அவனையே விமானத்தில் திருப்பி ஏற்றிவிடுவார்கள்.

"வாயைத் திறந்திடாதை," என்றான் அறைத்தோழன் பெனடிக்ற். வருடக் கணக்காகத் தொடர் பார்த்து அரை வக்கீலாகியிருந்தான். "லோயர் எண்டு மட்டும் சொல்லு. அவங்கள் கூப்பிட்டுத் தரத்தான் வேணும்."

விசாரித்த அதிகாரி கோபமே தெரியாத நரைத்த மனிதர். மொழிபெயர்க்க சேஷாத்ரி என்ற தமிழ்நாட்டுக்காரர் வந்திருந்தார். நாட்டைவிட்டு ஏன் வந்தீர்கள் என்பது முதல் கேள்வி.

"லோயர்," என்றான் கனகலிங்கம்.

அதிகாரி சொன்னதைச் சேஷாத்ரி தமிழாக்கினார். "வக்கீல் வேணும்னா நீங்களே கூட்டிட்டு வந்திருக்கணும் சார். நீங்க கைதி இல்ல. உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்கறார், அவ்வளவுதான்."

இதுவும் தொடரில் வரும். நல்லவன் வேஷம் போட்டு வாயைக் கிளறும் பொலிஸ்காரன் இல்லாத கதையே கிடையாது. கனகலிங்கம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பெட்டியோடு வக்கீல் நுழைகிற கட்டம் இதுதான். முகாமில் என்ன செய்தார்கள்? பேசவில்லை. காணாமல் போன தம்பியைக் கொண்டுபோனது யார்? பல்லைக் கடித்துக்கொண்டான். கேள்விகள் தீர்ந்தன. அதிகாரி கோப்பை மூடிவிட்டு நன்றி சொன்னார்.

வெளியே வந்தபோது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "நான் ஒண்டும் மாட்டுப்படேல்லைத்தானே ஐயா?" என்று சேஷாத்ரியைக் கேட்டான்.

சேஷாத்ரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க சொன்னாத்தான் சார் உங்க கேஸே. சொல்லலைன்னா, சொல்ல ஒண்ணுமில்லன்னு முடிச்சுடுவாங்க. மறுபடி கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தோணல."

கனகலிங்கம் திரும்பி ஓடினான். வாசலில் காவலாளி மறித்தான். "சொல்லுறன்! எல்லாம் சொல்லுறன்!" என்று கட்டடத்தைப் பார்த்துக் கத்தினான். தெருவில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள். சேஷாத்ரிதான் அவனை இழுத்துவந்து பஸ் தரிப்பில் இருத்தினார். அங்கே அவனுக்கு வாய் திறந்தது. தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டதைச் சொன்னான். தம்பியின் தலையைச் சாக்கால் மூடி ஜீப்பில் ஏற்றியதையும், அவன் "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டதையும் சொன்னான். பஸ்கள் வந்து போயின. சேஷாத்ரி கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார். கேட்டதைக் கொண்டுபோய்ச் சொல்ல அவருக்கு இடமில்லை.

பிறகு கனகலிங்கம் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கொழும்புக்கு எடுத்தான். கலாவதி லொட்ஜ் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கவேண்டும்.

"என்னப்பா, எல்லாம் சொல்லிப்போட்டியளே?"

"ஓம்."

"ஒண்டும் மறக்கேல்லையே?"

"ஒண்டும் மறக்கேல்லை."

அவள் சந்தோஷத்தில் அழுதாள். "அப்ப பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை எடுக்கட்டே?"

"எடும்," என்றான்.