மோட்டாருக்குத் தைத்த தோல் சட்டை

வாஹித் பாஷாவின் புது மோட்டார் அன்றும் வாணியம்பாடி எல்லையைத் தாண்டவில்லை. கொதித்து, ஆவி கக்கி, வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நின்றது.

அவர் மனைவி ஜஹீருன்னிசாவுக்கு அழுகை முட்டியது. திருப்பத்தூரில் தங்கை அக்தர் பானுவுக்கு சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். தாயில்லாப் பெண். அக்கா வந்து தலை பின்னினால்தான் ஆச்சு என்று பிடிவாதமாகக் காத்திருந்தாள்.

"ஜட்கா பிடிங்க, போய்டலாம்."

"மோட்டார்ல வர்றேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஜட்காலயா போய் எறங்கறது?"

வீம்பில் மனிதரை யாரும் மிஞ்ச முடியாது. என்ஜின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. குழாயில் ஒழுக்கு இல்லை. விசிறிப் பட்டையும் இறுக்கமாகத்தான் இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது. பெரிய பேஜாரு!" என்று வண்டியை முடுக்கினார்.

அப்போதுதான் ஜஹீருன்னிசா வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். தூசி அண்டக் கூடாதென்று, தன் தொழிற்சாலையில் பதனிட்ட முதல்தரத் தோலில் ரேடியேட்டருக்கு ஒரு சட்டை தைத்து, தொழிற்சாலை முத்திரையும் குத்தி மாட்டியிருந்தார் பாஷா. இப்போது அந்தத் தோல் பசித்த வயிறு மாதிரி உள்ளே ஒட்டிக் கிடந்தது. விரலால் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"இன்னாங்க, உள்ள விசிறி காத்த இழுக்குது. உங்க தோலு வழிய மறிக்குது."

"என் தோலா? ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது அதுல!"

"காத்தும்தான் போவல."

அவள் அவரைக் கேட்காமலே கொக்கிகளைக் கழற்றிச் சட்டையை உருவினாள். இருவரும் வண்டியை ஓடவிட்டு, ரேடியேட்டர் மூடியையே முறைத்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரமாகியும் ஆவி வரவில்லை. ஜஹீருன்னிசாவுக்குச் சிரிப்பு பொங்கியது. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த பாஷாவும் சிரித்துவிட்டார்.

திருப்பத்தூரில் அவள் தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, திரைக்கு அப்பால் ஆண்கள் மோட்டாரைப் பற்றி விசாரித்தார்கள். அத்தனை பேரும் தோல் வியாபாரிகள். இனி இவர் தன் தோலின் பெருமையை அளப்பார் என்று ஜஹீருன்னிசா நினைத்தாள்.

"வண்டி நல்ல வண்டிதான். நான் போட்ட தோலுதான் மூச்ச அடைச்சிடுச்சி. கண்டுபிடிச்சவ என் பீவி" என்றார் பாஷா, தெரு வரைக்கும் கேட்கும் குரலில்.

ஜஹீருன்னிசாவின் கை அப்படியே நின்றது.

"இன்னா அக்கா, நிறுத்திட்ட? நேரமாவுது."

"ஆவட்டும் இரு. இன்னொரு தரம் சொல்றாரான்னு பாக்கறேன்."