பின்னால் நிற்கக் கூடாது

கிடங்கில் அவரை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து அடி டிரெய்லரைப் பின்னால் எடுத்து, சரக்கு இறக்கும் மேடையில் பதித்திருக்கும் இரண்டு ரப்பர் கட்டைகளையும் ஒரே நேரத்தில் தொட்டு நிறுத்துவார். இடது முதலில், வலது பிறகு என்ற பேச்சே கிடையாது. புதிதாக வேலைக்கு வந்த ஓட்டுநர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர் யாரையும் கவனிக்காத மாதிரி இறங்கி, சரக்குச் சீட்டில் கையெழுத்து வாங்கப் போய்விடுவார். கவனித்திருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெயரில் பாதி இன்னொருவருக்குச் சேர வேண்டியது. வண்டி பின்னால் வரும்போது பக்கத்தில் நின்று வழி சொல்கிற ஆள். "வா, வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் வா, ஹோல்டான்" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்ததால் அவருக்கு ஹோல்டான் என்றே பெயராகிவிட்டது. என்ஜின் இரைச்சலில் தொண்டை எடுபடாது. அதனால் டிரெய்லரின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவார். லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம். ஓங்கி ஒன்று விழுந்தால் நிற்க வேண்டும். அந்த அடி இரும்புச் சட்டம் வழியாக ஏறி, சீட்டுக்கு வந்து, ஸ்கேலின் முதுகில் விழும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பிரேக்குதான்" என்பார் வாசல் காவலாளி.

நிர்வாகத்துக்கு வேறொரு ஊரிலும் ஒரு கிடங்கு உண்டு. அங்கே வழி சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அதற்கு அடுத்த மாதமே புது உத்தரவு வந்தது. வண்டிக்குப் பின்னால் இனி எந்த மனிதரும் நிற்கக் கூடாது. சுவரில் சிவப்புப் பெயின்டில் அதை எழுதினார்கள். ஹோல்டானை உள்ளே பெட்டிகளைச் சரிபார்க்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அவருக்குப் பதிலாக சென்சார் வந்தது.

அதை மாட்ட வந்தவள் முப்பது வயதுப் பெண். இரண்டு நாள் டிரெய்லர்களின் அடியில் படுத்து வேலை செய்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கக் கம்பியிலும் சட்டைப் பொத்தானைப் போல நான்கு கறுப்பு வட்டங்கள். ஓட்டுநருக்கு முன்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. மூன்றாம் நாள் காலை எல்லா ஓட்டுநர்களையும் ஸ்கேலின் வண்டியைச் சுற்றி நிற்க வைத்து விளக்கினாள்.

"இதுக்கு வயரே கிடையாது. உங்க டிரெய்லர் தினம் மாறுது, தினம் வயர் இழுத்து மாட்ட முடியாதில்ல? அதனால பேச்செல்லாம் காத்து வழியாத்தான். மேடைச் சுவரை இது கணக்குல எடுத்துக்காது, நடுவுல வேற ஏதாவது இருந்தா பீப் பீப்னு வரும். கிட்டப் போகப் போக வேகமாகும். அரை மீட்டர்ல விடாமக் கத்தும். திரையிலயும் தூரம் காட்டும், ஆனா நீங்க கண்ணாடியைத்தான் பார்க்கணும். காது திரையைப் பார்த்துக்கும்."

கடைசி வாக்கியத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையசைத்ததும் காவலாளி வண்டிக்குப் பின்னால் நடந்து போனார்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஸ்கேலுக்கு என்ஜின் உறுமுவது கேட்டது. கதவருகே யாரோ இருமுவது கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் எதிரில் இருந்த முகங்கள் மாறின. ஒருவன் விரலால் காதை அடைத்துக்கொண்டான். இன்னொருவன், "காது கிழியுதும்மா, கொஞ்சம் குறைக்க முடியாதா?" என்றான்.

"குறைச்சா தூங்கிடுவீங்க" என்றாள் அவள். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தாள். "எல்லாருக்கும் நல்லாக் கேக்குதா?"

ஸ்கேல் தலையாட்டினார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. பேச்சு கேட்கும், ஹாரன் கேட்கும், கதவு மூடுவது கேட்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவச் சோதனையில் டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று நான்கு எண்களைச் சொல்வார், இவர் திருப்பிச் சொல்வார், முடிந்தது. போனவை மெல்லிய, கூரான சத்தங்கள் மட்டும்தான். அவை எப்போது போயின என்று அவருக்கே தெரியாது. மனைவிக்குத் தெரிந்திருந்தது. போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, டிஜிட்டல் தெர்மாமீட்டரை அவள் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து அவளே எடுத்தாள்.

"இது எப்பவோ கத்தி முடிச்சிடுச்சுங்க."

"அப்படியா? நான் ஏதோ யோசனையில இருந்துட்டேன்."

அவள் தெர்மாமீட்டரை உறையில் போட்டு மூடினாள். சென்சார் மாட்டிய அன்று சாயங்காலம் அவர் நடந்ததைச் சொன்னபோதுதான் சொன்னாள். "ஆபீஸ்ல சொல்லிடுங்க. காதுதானே, ஒரு மெஷின் வெச்சா சரியாப் போயிடும்."

"மெஷின் வெச்சவனுக்கு டிரெய்லர் குடுப்பானா?"

"குடுக்கலேன்னா போகட்டும்."

"உனக்கு என்ன தெரியும்" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

மறுநாள் பெட்டிகள் அடுக்கியிருந்த வரிசைக்கு நடுவில் ஹோல்டானைத் தேடிப் பிடித்தார்.

"யோவ், எனக்கு அந்தச் சனியன் கேக்கல."

"எந்தச் சனியன்?"

"புதுசா மாட்டியிருக்கானுங்களே, அது. எல்லாருக்கும் கேக்குது. எனக்கு மட்டும் கேக்கல."

ஹோல்டான் கையிலிருந்த அட்டையை மடக்கி வைத்தார். "சொல்லிட வேண்டியதுதானே."

"சொன்னா நாளைக்கே உன்கூட உக்காந்து பெட்டி எண்ண வேண்டியதுதான்."

"எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆளில்ல."

ஸ்கேல் சிரிக்கவில்லை. "நான் வர்றப்ப மட்டும் கொஞ்சம் வெளிய வந்து நில்லேன். பழையபடி. ஓரமா."

சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். ஹோல்டான் மடக்கிய அட்டையை மறுபடி விரித்தார். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?" என்று கேட்டார்.

நான்கு மாதம் அப்படி ஓடியது. ஸ்கேலின் வண்டி வாசலில் திரும்பும் சத்தம் ஹோல்டானுக்கு அத்துப்படி. கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஓட்டுநர் பக்கம், கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்று தட்டுவார். முடிந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போய்விடுவார். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். மேற்பார்வையாளர் ஒருமுறை, "அண்ணே, உங்களுக்கு வயிறு சரியில்லையா, டாக்டரைப் பாருங்க" என்றதோடு விட்டுவிட்டார். வெயிலில் நிற்பதில் ஹோல்டானின் முகம் தெளிந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அன்று மதியம் நல்ல மழை. ஸ்கேலுக்கு ஒன்பதாம் மேடை. ஓட்டுநர் பக்கம் எட்டாம் மேடையில் ஏற்கெனவே ஒரு டிரெய்லர் ஒட்டி நின்றது, நடுவில் ஆள் நிற்க இடமில்லை. ஹோல்டான் மறுபக்கம் போனார். அந்தப் பக்கக் கண்ணாடி முழுக்க நீர் வழிந்தது. காக்கி நிறத்தில் ஏதோ அசைவதுதான் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

ஆள் கண்ணில் படவில்லை என்றால் வண்டி நிற்க வேண்டும். முப்பது வருஷமாக ஸ்கேல் மீறாத விதி அது. ஆனால் தகரத்தில் தட்டுவது முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. வா, வா என்கிற லேசான தட்டல். அவர் திரையைப் பார்க்கவில்லை, அதை நம்பினார். தட்டல் நின்றது. ஓங்கி அறை விழவில்லை. இன்னும் இடமிருக்கிறது, அதனால்தான் அறையவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மேடைக்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்திருக்கிறது. டிரெய்லர் அதன் மேல் ஏறினால் கோணிக்கொள்ளும். ஹோல்டான் அதைக் காலால் தள்ளிவிடக் குறுக்கே போயிருக்கிறார். இரண்டு எட்டில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். பலகை ஈரத்தில் தரையோடு ஒட்டிக்கொண்டது.

எட்டாம் மேடை ஓட்டுநர் தன் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வண்டியில் பீப் வேகமாவது அவனுக்குக் கேட்டது. பிறகு அது இடைவிடாத ஒரே சத்தமானது. இவர் ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறார் என்று ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். பிறகு ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஸ்கேல் பிரேக்கை மிதித்தபோது டிரெய்லர் ரப்பர் கட்டைகளைத் தொட்டுவிட்டிருந்தது.

ஹோல்டான் மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். கண் திறக்கவில்லை.

விசாரணை கிடங்கு அலுவலகத்தின் பின்னறையில் நடந்தது. பாதுகாப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், கண்ணாடி போட்ட, அமைதியாகப் பேசும் அம்மாள். மேலாளர் இருந்தார். சென்சார் மாட்டிய பெண்ணையும் அழைத்திருந்தார்கள். அவள் கருவியின் நினைவில் பதிவாகியிருந்ததை ஒரு தாளில் எடுத்து வந்திருந்தாள்.

"மூணு மீட்டர்ல ஆரம்பிச்சிருக்கு. கடைசி ஆறு விநாடி விடாமக் கத்தியிருக்கு. கருவியில எந்தக் கோளாறும் இல்ல" என்று படித்தாள்.

"ஆறு விநாடி" என்றார் அதிகாரி. "நீங்க ஏன் நிறுத்தல?"

"எனக்குக் கேக்கலம்மா."

"மழைச் சத்தத்துலயா?"

"இல்ல. அது எனக்கு எப்பவுமே கேட்டதில்ல. முதல் நாள்லேருந்து."

மேலாளர் முன்னாலிருந்த கோப்பைத் திருப்பினார். "டாக்டர் காது நல்லா இருக்குன்னு போட்டிருக்காரே" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அந்தப் பெண் தாளை மேசையில் வைத்துவிட்டு ஸ்கேலை நேராகப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "அண்ணே, அன்னிக்கு நான் கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா சத்தத்தை மாத்தி வெச்சிருப்பேன். கனமான குரல்லயும் வைக்கலாம். சீட்டுக்கு அடியில அதிர்ற மாதிரியும் ஒண்ணு இருக்கு. வேற டிப்போவுல நாலு பேருக்கு மாட்டிக் குடுத்திருக்கேன். அவங்க ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் ஸ்கேல். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"சத்தம் மாத்த ரெண்டு நிமிஷம்."

அறிக்கை ஏறக்குறைய எழுதியாகிவிட்டது. தடை செய்யப்பட்ட இடத்துக்கு இறந்தவர் தன் விருப்பத்தில் போனார் என்று அதில் இருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது ஸ்கேல் எழுந்து நின்றார்.

"அவன் தானா வரல. நான்தான் கூப்பிட்டேன். நாலு மாசமா நான்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். அதை எழுதுங்க."

அதிகாரி பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. "எழுதறேன். ஆனா அதனால அவருக்கு ஒண்ணும் நல்லது நடக்காது. தெரிஞ்சே நாலு மாசம் விதியை மீறினார்னு ஆகும். அவர் குடும்பத்துக்கு வர வேண்டிய நஷ்டஈட்டுக்கு இதைவிட அது மோசம். உங்களுக்கும் மோசம். யோசிச்சு சொல்லுங்க."

  உண்மையைச் சொன்னால் ஹோல்டானின் மேல் ஒரு குற்றம், சொல்லாவிட்டால் இன்னொரு குற்றம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது போய் அவன் மேல்தான் இடிக்கிறது. கடைசியில் ஸ்கேல் உட்கார்ந்துவிட்டார். இருந்தபடியே கையெழுத்துப் போட்டார். 

ஒரு மாதம் கழித்து ஹோல்டானின் மனைவி வீட்டுக்கு வந்தாள். ஸ்கேலின் மனைவி கதவைத் திறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

"சண்டை போட வரலண்ணே. ஒண்ணு கேக்கணும். அவருக்கு ரொம்பக் கிட்ட இருந்தது நீங்கதான். கடைசியா ஏதாவது சொன்னாரா? கூப்பிட்டாரா?"

எட்டாம் மேடை ஓட்டுநர் விசாரணையில் சொல்லியிருந்தான், இரண்டு முறை கத்தினார் என்று. என்ன கத்தினார் என்று அப்போது ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்ததால் புரியவில்லை என்றும் சொல்லியிருந்தான். ஸ்கேல் நினைத்திருந்தால் எதையாவது சொல்லியிருக்கலாம். உன் பெயரைச் சொன்னான் என்று சொல்லியிருந்தால் அவள் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

"தெரியலம்மா" என்றார். "எனக்குக் கேக்கல."

அவள் தலையாட்டினாள். "அதுக்குத்தானே அவரை நிக்க வெச்சீங்க" என்றாள், சாதாரணமாக. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அதன் பிறகு வரவில்லை. இவர்கள் இரண்டு முறை போனார்கள். உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை.

உரிமம் போயிற்று. வழக்கு தேதிக்கு மேல் தேதியாக நகர்ந்துகொண்டிருக்கிறது. நீதிமன்றம் கேட்டதால் காதைப் பரிசோதித்தார்கள். டாக்டர் இரண்டு காதுக்கும் சின்னதாக மெஷின் கொடுத்தார்.

அதை மாட்டிய நாளில் தெரு முழுக்க வேறாக இருந்தது. எதிர்வீட்டு அழைப்பு மணி, எங்கோ ஒரு சாவிக் கொத்து, மனைவி பல்லிடுக்கில் விடுகிற மூச்சு. பத்து மணிக்குக் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் வேன் சந்தில் பின்னால் வந்தது. பீப், பீப் என்றது. அவர் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். வேன் நின்ற பிறகும் நகரவில்லை. பதினொன்றுக்கு இன்னொன்று வந்தது, மத்தியானம் குப்பை வண்டி.

நான்கு நாள் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள். "அதைக் கழட்டி வெச்சிடுங்க. இனிமே அது எதுக்கு உங்களுக்கு?"

"இருக்கட்டும்."

"கேக்கறப்பல்லாம் ஜன்னலுக்கு ஓடி வந்துடறீங்க."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். சந்துமுனையில் ஒரு லாரி திரும்பிப் பின்னால் எடுக்கத் தொடங்கியது. அவர் அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை.