சைக்கிளும் சத்துப்பொடியும்

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள் வேண்டும் என்று மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து உடற்பயிற்சி ஆய்வு ஒன்றுக்கு ஆள் கேட்டு வந்தபோது, சீருடை தைக்கும் பட்டறையில் முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

"உட்காருறதுல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. என் பேரை எழுதிக்குங்க," என்றாள். தையல் மிஷின்கள் எல்லாம் ஒரு நிமிடம் நின்று சிரித்தன.

வேலை இதுதான்: நின்ற இடத்திலேயே சுற்றும் சைக்கிளை மாலையில் மிதிக்க வேண்டும். மிதிப்பதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுப்பார்கள். தொடக்கத்தில் ஒரு தடவையும் முடிவில் ஒரு தடவையும் தொடையிலிருந்து அரிசியளவு சதை. சத்து மாத்திரை எதுவும் சாப்பிடக் கூடாது.

அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். தெருவில் அவரை 'அரை டாக்டர்' என்பார்கள். கிண்டல்தான் என்றாலும் அவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். சதை எடுக்கும் கதையைக் கேட்டதுமே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. முதல் வாரத்து முடிவை வாங்கிப் பார்த்ததும் இன்னும் மோசம்.

"பார்த்தியா, மிதிச்ச பிறகு உடம்பு செல்லுக்குள்ள ஆக்சிஜனேற்ற நெருக்கடி ஏறியிருக்குன்னு போட்டிருக்கு. காசு கொடுத்தாலும் யாராவது இந்த வேலைக்குப் போவாங்களா?"

"அது ஏறத்தான் செய்யுமாம். அப்பதான் உடம்பு முழிச்சுக்கிட்டு தன்னைக் காப்பாத்திக்கிற நொதியைத் தானே கூடுதலா செஞ்சுக்குமாம். ஆய்வு நடத்துற டாக்டரம்மா சொன்னாங்க."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அவர் வாய் ஓய்ந்தால் கை எங்கோ வேலை செய்கிறது என்று அர்த்தம். அது அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஆரஞ்சுச் சாறு பிழிந்து நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் நுழைந்த மனிதர்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறை முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

ஆய்வு பாதி தாண்டியதும் டாக்டரம்மா அவளைத் தனியே அழைத்து உட்காரவைத்தார்.

"உங்களோடது மட்டும் புதிரா இருக்கும்மா. மத்தவங்களுக்கு நெருக்கடி முதல்ல ஏறுச்சு, இப்ப காப்பு நொதிகளும் கூடிக்கிட்டே வருது. உங்களுக்கு ரெண்டாவது வாரத்துலேர்ந்து நெருக்கடியும் ஏறல, நொதியும் அசையல. சத்துப்பொடி ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். காலையில ஜூஸ் மட்டும்தான். என் வீட்டுக்காரரே போட்டுக் குடுப்பார்," என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தவளுக்கு, சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது. இவர் எதற்காக ஜூஸ் போடுகிறார்?

நேரே கடைக்குப் போனாள்.

"ஜூஸ்ல என்ன போடுறீங்க?"

"ஆரஞ்சு."

"அப்புறம்?"

"தண்ணி."

"அப்புறம்?"

இருமல் மருந்துக்கு நின்றிருந்தவர் இருமுவதை மறந்து வேடிக்கை பார்த்தார். கணவர் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். வைட்டமின் சி, ஈ கலந்த பொடி. அதுவும் கரண்டி கரண்டியாக.

"உன் உடம்புக்குள்ள நெருக்கடின்னு எழுதியிருக்கு. நான் கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துட்டு இருக்கணுமா? இந்தப் பொடி அதை அமுக்கிடும்."

"அமுக்கிடுச்சுங்க. கூடவே என் உடம்பு கத்துக்க வேண்டியதையும் சேர்த்து அமுக்கிடுச்சு. நீங்க ஸ்கூட்டர் கத்துக்கிட்டப்போ நான் பின்னாலேயே பிடிச்சுக்கிட்டு ஓடி வந்திருந்தா, இன்னிக்கு வரைக்கும் நான் ஓடிக்கிட்டுத்தான் இருப்பேன்."

கோபத்தில் பாதி அவர் முகத்தைப் பார்த்ததும் கரைந்துவிட்டது. மீதிப் பாதியை அவள் விடவில்லை. டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"இந்தக் குழுவுல உங்களைச் சேர்த்துக் கணக்குப் போட முடியாதும்மா," என்றார் அவர், வருத்தத்தோடு.

"தெரியும். அடுத்த குழுவுல சேர்த்துக்குங்க. மொதல்லேர்ந்து வர்றேன்."

"மறுபடியும் தொடையில எடுக்கணுமே?"

"எடுங்க. தொடை என்ன தேயவா போகுது?"

சில மாதம் கழித்து அடுத்த குழு தொடங்கியது. சதை எடுத்த அன்று கணவரும் வந்து பக்கத்தில் நின்றார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. இந்தத் தடவை முதல் வாரம் கால் கல்லாய்க் கனத்தது. படி இறங்கும்போது அவள் "அம்மா" என்றால் அவருக்கு உயிர் போய் வந்தது. ஆனாலும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் போனில் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே கொடுத்தார்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அதே மிதிதான், ஆனா இப்ப நெருக்கடி பழைய அளவுக்கு ஏறல. ஏறுனதும் சட்டுனு இறங்கிடுது. சும்மா இருக்கும்போதே காப்பு நொதி கூடியிருக்கு. உங்க ஒருத்தரை வச்சு ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா உங்க உடம்பு கத்துக்கிச்சும்மா."

"கத்துக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் அவள்.

ஆய்வு முடிந்த பிறகும் மாலையில் வந்து மிதிக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் அனுமதித்தார்கள். அவள் கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கெதுக்கு? நான் நாள் பூரா கடையில நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"நிக்கிறது கணக்குல வராது. ஏறுங்க."

ஏறினார். கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏம்மா, மூச்சு வாங்குது."

"வாங்கட்டும்," என்றாள் அவள். பக்கத்துச் சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினாள்.