இரண்டு தெரு பார்க்க ஒரு வெளிநாடு

1

இந்தக் கதை ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் பிறந்தது. கதை தேடி நான் அங்கே போகவில்லை, அக்காவோடு போனேன். அவள் கணவர், என் மாமா, மூட்டை தூக்கும் சிமெண்ட் கோடவுனின் சுவர் விழுந்து மூன்று நாள். தெருவை மறித்துவிட்டார்கள். 'உயிர்ச்சேதம் இல்லை' என்றது அரசு அறிவிப்பு. மாமா வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் பட்டியல் கேட்டோம். சேதமே இல்லாதபோது பட்டியல் எதற்கு என்றார்கள்.

ஆட்களை வெளியே தூக்கி வருவதை யாரோ படம் பிடித்து ஒரு இணையதளத்தில் போட்டிருந்தார்கள். வதந்தியைத் தடுக்க அந்தத் தளத்தை முடக்கியாயிற்று.

2

முதல் தொடக்கம்: 'சுதந்திரம் என்பது பறவையின் சிறகில்...'

(அடித்துவிட்டேன். பத்து வருஷம் நானும் மூட்டை சுமந்தவன். தோளில் சிறகுக்கு இடமில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'தகவல் யுகத்தில் தனிமனிதன்...' எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது, நடந்தது. ரிப்பேர்க்காரர் அக்காவின் போனில் விபிஎன் ஏற்றினார்.

"இதப் போட்டா நீங்க வெளிநாட்ல இருக்கற மாதிரி காட்டும்க்கா. அங்க தடை கிடையாது. எந்த நாடு வைக்கட்டும்?"

"ரெண்டு தெரு தள்ளி இருக்கற கோடவுன் எந்த நாட்ல இருந்து பாத்தா தெரியும்? அத வை."

வைத்தார். பழைய போன். படம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

3

இனி வருபவரை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று கதையிலிருந்து இரண்டு முறை வெட்டினேன். தளங்களை முடக்கும் அலுவலகத்தின் குமாஸ்தா. நெஞ்சில் அடையாள அட்டை. கடைக்குள் வந்ததும் ரிப்பேர்க்காரர் மேல் பாய்ந்தார்.

"என்னய்யா போட்டுக் குடுத்த? தடை பண்ண பக்கமெல்லாம் தெறக்குது."

"அதுக்குத்தானே சார் விபிஎன் போட்டது. வீட்டம்மா சீரியல் பாக்கணும்னீங்க."

"தெனம் காலைல இதே போன்ல எல்லாம் அடைபட்டிருக்கான்னு பாக்கறதுதான்யா என் வேலை. ஒரு வாரமா எல்லாம் தெறந்திருக்குன்னு எழுதி அனுப்பிட்டேன்."

(தடை போதவில்லை என்று மேலதிகாரி இன்னும் நானூறு தளங்களை முடக்கினார். 'உயிர்ச்சேதம் இல்லை' என்ற அறிவிப்புப் பக்கமும் அதில் போயிற்று. அரசின் பொய்யைப் படிக்கவும் இப்போது வெளிநாடு போக வேண்டும்.)

"காலைல அத அணைச்சுட்டுப் பாருங்க சார்," என்றார் ரிப்பேர்க்காரர்.

அக்கா எழுந்தாள். "அணைக்கறதுக்கு முன்னாடி, அந்தக் கோடவுன் படம் உங்க போன்ல தெறக்குமா சார்?"

குமாஸ்தா வாசலைப் பார்த்தார். அட்டையை எழுத்து தெரியாதபடி திருப்பிப் போட்டார். போனை நீட்டினார்.

நாற்பது விநாடிப் படம். அக்கா இரண்டு முறை பார்த்தாள். திரையை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

4

அவள் தோளுக்கு மேல் நானும் பார்த்தேன். மாமா நடந்து வந்தார் என்று எழுதினால் அறிவிப்போடு ஒத்துப்போகும். எனக்கும் தொல்லை இல்லை. வேறு மாதிரி எழுதினால், இணையத்தில் இந்தக் கதை வரும் பக்கம் அடைபட்டிருக்கிறதா என்று நாளைக் காலை குமாஸ்தா சோதிப்பார். விபிஎன்னை அணைத்துவிட்டுச் சோதிப்பாரா என்பது வீட்டம்மாவின் சீரியலைப் பொறுத்தது.

"என்னக்கா எழுதட்டும்?"

"பாத்தத எழுதுடா. அவரு ஒருத்தரு இருந்தாருன்னாவது இருக்கட்டும்."

எழுதிவிட்டேன், ஐந்தாம் பகுதியில். அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால், உங்கள் போனில் நாட்டை மாற்றிப் பாருங்கள்.

5