கத்தரிக்காயும் கடைசி அத்தியாயமும்

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் ஊதுபத்தியை மாற்றிக்கொண்டிருந்த விருத்தாம்பாளிடம், சிதம்பரத்திலிருந்து மாலையோடு வந்திருந்த பதிப்பாளர் பஞ்சநாதம் குனிந்து துக்கம் விசாரித்தார். விசாரித்த வாயோடு, "கடைசி அத்தியாயம் மட்டும் வரலம்மா. வந்துட்டா பதினாறாம் நாளு புத்தகத்த கொண்டாந்துடலாம்" என்றார்.

"அத நான் இன்னும் கேக்கல" என்றாள் அவள்.

கடலூர் செம்மண்டலத்தில் அந்த வீட்டிலிருந்து அவள் கணவர் தில்லைநாதனின் ஒன்பது நாவல்களும் ஒரே வழியாகத்தான் வெளியே போயின. காலையில் அவள் காய் அரிவாள். அவர் எதிரே உட்கார்ந்து முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். கத்தி நின்றால் அத்தியாயம் தேறியது. நிற்காவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுவார். ஒரு தடவை விரலை வெட்டிக்கொண்டதால் நிறுத்தினாள். அந்த நாவலுக்கு விருது கிடைத்தது. உண்மையைச் சொல்ல முப்பது வருஷமாக அவளுக்கு மனசு வரவில்லை.

நேற்றுக் காலை பதினோரு பக்கத்தோடு வந்து நின்றவரிடம், "இன்னிக்கு கீரை. ஆயற வேலதான், கத்திக்கு வேல இல்ல. நாளைக்கு படிங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவரும் போய்விட்டார். சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிஷம் கேட்டிருக்கலாமே என்று ராத்திரி முழுக்க அவளுக்கு நெஞ்சை அறுத்தது.

"இளவரசு, அப்பா மேசையில இருக்கறத எடுத்தாந்து படி" என்றாள் மகனிடம். "அப்படியே பக்கத்து வூட்டு கொளஞ்சியம்மாகிட்ட காய் இருந்தா வாங்கியா."

தில்லைநாதனின் தங்கை அபயாம்பாள் பதறினாள். "சாவு வூட்ல கத்தி எடுப்பாங்களா அண்ணி?"

"அடுப்புதான் மூட்டக் கூடாது. அவுங்க வூட்லதான நமக்கு சோறு ஆவுது. அரிஞ்சி குடுத்தா என்ன?"

இரண்டு கிலோ கத்தரிக்காய் வந்தது. இளவரசு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தான். ஹாலில் இருந்தவர்கள் அழுகையை ஒத்திவைத்துவிட்டு அவள் கையையே பார்த்தார்கள். நாலாம் பக்கம் போனது, ஏழாம் பக்கம் போனது, கத்தி நிற்கவில்லை. பஞ்சநாதத்துக்கு வியர்த்துவிட்டது.

"கொஞ்சம் மெதுவா அரியுங்கம்மா" என்று கெஞ்சினார்.

பதினோராம் பக்கமும் முடிந்தது. சும்மாவாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்றைக்கும் அவரை ஏமாற்ற அவளால் முடியவில்லை.

"கடைசி பக்கம் சரியில்ல" என்றாள். "புருசன் செத்ததும் அந்தப் பொம்பள தரையில உருண்டு பொரண்டு அழுவறா. அப்படிலாம் அழ மாட்டா."

"பின்ன என்னம்மா பண்ணுவா?" என்றான் இளவரசு.

விருத்தாம்பாள் அடுத்த கத்தரிக்காயை எடுத்து அரிய ஆரம்பித்தாள்.

"நாளைக்குன்னு ஏன் சொன்னோம்னு நெனச்சிக்கிட்டே, வந்தவுங்களுக்கு காய் அரிஞ்சிட்டிருப்பா. அவ்ளோதான். எழுதிக்க."

பஞ்சநாதம் தன் பேனாவை நீட்டினார். இளவரசு கடைசிப் பக்கத்தை அடித்துவிட்டு, அம்மா சொன்னதை எழுதிச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

வண்டி வந்துவிட்டது என்று வாசலில் யாரோ சொன்னார்கள். விருத்தாம்பாளின் கையில் கத்தரிக்காய் பாதி அரிந்தபடியே இருந்தது.